தேதியைக் கேளுடா மாப்ளே

மாப்ளே, அடுத்த மாநிலத் தேர்தல்ல உனக்குச் செமந்தாவுல சீட்டாமே? இல்ல, மேருவாமே? காப்பார் பசார்ல மீன்காரன்லேருந்து நம்பர் கடைக்காரன் வரைக்கும் சொல்றான். என்கிட்டதான் நீ இன்னும் சொல்லல. பரவால்ல. கண்ணாடி முன்னால நின்னு கையை ஆட்டி ஆட்டிப் பேசிப் பழகறேன்னு உங்கம்மா சொன்னா. அவளுக்குப் பெருமை, எனக்குச் சிரிப்பு. ஷா ஆலம்ல நம்ம சிலாங்கூர் சட்டமன்றத்துல 56 நாற்காலி. அதுல பேசத் தெரியாத ஆளுன்னு ஒருத்தனைக் காட்டு பார்ப்போம். பேச்சுக்கு அங்க பஞ்சமே கிடையாது. நீ படிக்க வேண்டியது பேசற வித்தை இல்ல, எழுந்து போற வித்தை.

முறைக்காதே. சட்டமன்றத்துலயே வலுவான வசனம் எதுன்னு நினைக்கிற? நம்பிக்கையில்லாத் தீர்மானமா? அது சத்தம். பட்ஜெட்டா? அது கணக்கு. ‘சபை ஒத்திவைக்கப்படுகிறது’, இதுதான் வசனம். இதைச் சொல்லிட்டுச் சபாநாயகர் அங்கியைத் தூக்கிக்கிட்டு எழுந்துட்டார்னா உன் தீர்மானம் வெறுங்காகிதம். பதில் சொல்ல வேண்டிய மந்திரி பெசார், உனக்கு முன்னால கேன்டீனுக்குப் போய் மீ கோரேங் சொல்லிட்டிருப்பார்.

உனக்குத் தீம்பார் தெரியாது. நீ பொறந்தப்போ பால்மரத்தை எல்லாம் சாய்ச்சுச் செம்பனை நட்டாச்சு. எங்க காலத்துல விடியக்காலையில பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. ராத்திரி மழை பேஞ்சிருந்தா எல்லாரும் வாளியும் கத்தியுமா நிப்போம். கங்காணி டார்ச் லைட் அடிச்சுக்கிட்டுப் போயி, ஒரு மரத்துப் பட்டையை உள்ளங்கையால தடவிப் பார்ப்பார். தலையை ஆட்டினா அவ்வளவுதான், ‘இன்னிக்கு வெட்டு இல்ல’. மரம்தான் ஈரமா இருந்துச்சா, இல்ல அவருக்கு டவுன்ல ஜோலி இருந்துச்சான்னு எவனும் கேட்க முடியாது. தடவின கை அவரோடது. வெட்டு இல்லன்னா நமக்குக் கூலியும் இல்ல. சபாநாயகர் கையும் அதே பட்டையைத்தான் தடவுது. ஒரே ஒரு வித்தியாசம், சபையை ஒத்திவைச்சா ஒய்பிக்கு, அதான் உறுப்பினருக்கு, சம்பளம் நிக்காது. அதனாலதான் அங்க அடிக்கடி மழை பேயுது.

முதல்ல சாத்தறதுல எத்தனை தினுசுன்னு தெரிஞ்சுக்க. தேத்தண்ணிக்கு, தொழுகைக்குக் கொஞ்ச நேரம் நிறுத்தறது ஒண்ணு. நாளைக்கு இல்ல இன்ன தேதிக்குன்னு சொல்லிட்டுப் போறது ரெண்டு. தேதியே குறிப்பிடாம ஒத்திவைக்கறது மூணு. இதெல்லாம் சபைக்குள்ள முடியற காரியம். நாலாவது, கூட்டத்தொடரையே முடிச்சு வைக்கறது. அது சுல்தான் அதிகாரம், இந்தியாவுல ஆளுநர் அதிகாரம். கலைக்கறது அஞ்சாவது, அதைச் செஞ்சா நீ மறுபடியும் பசார்ல வந்து கை குலுக்கணும், அதனால எந்த ஒய்பியும் லேசுல அந்தப் பேச்சை எடுக்க மாட்டான்.

ஒரு காவலும் உண்டு. ஒரு கூட்டத்தொடரோட கடைசி அமர்வுக்கும் அடுத்த தொடரோட முதல் அமர்வுக்கும் நடுவுல ஆறு மாசம் தாண்டக் கூடாதுன்னு நம்ம கூட்டரசு அரசியலமைப்போட எட்டாவது அட்டவணையில இருக்கு. இந்திய அரசியலமைப்புல 174-ஆவது பிரிவுலயும் அதே ஆறு மாசம்தான். ரெண்டு பேருக்கும் வெள்ளைக்காரன் ஒரே சட்டைத் துணியைத்தான் கிழிச்சுக் கொடுத்துட்டுப் போயிருக்கான். ஆனா எழுத்தை உத்துப் பாரு: ஒரு தொடருக்கும் அடுத்த தொடருக்கும் நடுவுல. தொடரையே முடிக்காம ஒத்திவைச்சுக்கிட்டே இருந்தா? நான் ஒண்ணும் சொல்லல மாப்ளே. கெட்டிக்காரங்களுக்கு இது தானாவே தோணும்.

இந்தச் சந்துல வண்டி ஓட்டினது யாருன்னா நம்ம ஆளுதான், ஈப்போவுல. 2008 மார்ச் 8 தேர்தல்ல பேராக்குல மொத்தம் 59 இடம். மக்கள் கூட்டணிக்கு 31, பாரிசானுக்கு 28. பாஸ் கட்சி நிஜார் ஜமாலுடின் மந்திரி பெசார், ஜசெக வி. சிவக்குமார் சபாநாயகர். ஒரு வருஷம் ஓடறதுக்குள்ள மூணு பேர் கழண்டுக்கிட்டாங்க. அவங்கள்ல ஒருத்தர் துணைச் சபாநாயகர் ஹீ யிட் ஃபூங். 31 இப்போ 28 ஆச்சு. சபையைக் கலைங்கன்னு நிஜார் கேட்டார், சுல்தான் மறுத்துட்டார். 2009 பிப்ரவரி 6-ஆம் தேதி ஸம்ரி அப்துல் காதிர் மந்திரி பெசாராப் பதவி ஏத்துக்கிட்டார்.

சிவக்குமார் சும்மா இருந்தாரா? ஸம்ரியையும் அவரோட ஆட்சிக்குழுவுல ஆறு பேரையும் இடைநீக்கம் பண்ணினார். பின்னால கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அப்புறம், போன வருஷக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டதுதானே, முடித்துவைக்கப்படலையே, அதனால நானே திரும்பக் கூட்டலாம்னு கூட்டினார். மார்ச் 3-ஆம் தேதி போனா மாநிலச் செயலகத்துக் கேட்டுல பூட்டு, முன்னால போலீஸ். சரின்னு பக்கத்துல இருந்த ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில சபையைக் கூட்டிட்டார். முழு அங்கியோட சபாநாயகர், வேர்வையோட உறுப்பினர்கள், சுத்தி வேடிக்கை பார்க்க ஊரு. நிஜார் மேல நம்பிக்கைத் தீர்மானம், சபையைக் கலைக்கச் சொல்லி ஒரு தீர்மானம், ரெண்டும் நிறைவேறுச்சு. ஏர்கான் போட்ட மண்டபத்துல தூங்கற சபைகளைப் பார்த்திருக்கேன். தூங்குமூஞ்சி மரத்தடியில முழிச்சிருந்த சபை அது ஒண்ணுதான். அந்த மரத்துக்கு ஜனநாயக மரம்னு பேரும் வந்துச்சு.

மே 7-ஆம் தேதி நிஜச் சபை கூடுச்சு. கூச்சல், தள்ளுமுள்ளு. சிவக்குமார் நாற்காலியை விடல. துணைச் சபாநாயகர் மைக்கைப் பிடிச்சுத் தீர்மானம் நடத்தி, மஇகா ஆர். கணேசனைப் புதுச் சபாநாயகராக்கிட்டாங்க. ஒரே மண்டபத்துல ரெண்டு சபாநாயகர்; ரெண்டு பேரும் இந்தியர். நம்ம சமூகத்துக்குப் பதவியே கிடைக்கறதில்லன்னு அழுவோமே, அன்னிக்கு ஒரே பதவி ரெண்டு தடவை கிடைச்சுது. கடைசியில சிவக்குமாரை இழுத்துக்கிட்டு வெளிய கொண்டு போனாங்க. திறப்புரை பேசக் காலையிலயே வந்த பேராக் இளவரசர் ராஜா நஸ்ரின் ஷாவால பிற்பகல் மூணு மணி வாக்குலதான் பேச முடிஞ்சுது. வழக்கு மட்டும் ஊர் சுத்துச்சு: மே 11 உயர் நீதிமன்றத்துல நிஜார் ஜெயிச்சார், மே 22 மேல்முறையீட்டுல ஸம்ரி ஜெயிச்சார், 2010 பிப்ரவரி 9-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் ஸம்ரி பக்கமே முடிச்சு வைச்சுது.

‘நம்ம ஊரு மானம் போச்சு’ன்னு அன்னிக்கு நிறையப் பேர் தலையில அடிச்சுக்கிட்டாங்க. லண்டன் கதை தெரியாதவங்க. 1629 மார்ச் 2. சபையை ஒத்திவைன்னு சார்லஸ் ராஜா சொல்லி அனுப்பிட்டார். சபாநாயகர் ஜான் ஃபின்ச் எழுந்திரிக்கப் பார்த்தார். அவர் எழுந்துட்டா சபை முடிஞ்சுது. உடனே டென்சில் ஹோலிஸும் இன்னொருத்தரும் பாய்ஞ்சு, அவரை நாற்காலியிலயே அமுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. மனுஷன் அழறார். கதவை உள்பக்கம் தாழ் போட்டுட்டு, ராஜாவுக்கு எதிரான தீர்மானங்களைப் படிச்சு முடிச்சுட்டுத்தான் கலைஞ்சாங்க. அதுக்கப்புறம் பதினோரு வருஷம் ராஜா நாடாளுமன்றத்தையே கூட்டல. அங்க எழுந்திரிக்க விடாம அமுக்கினாங்க, இங்க உட்கார விடாம இழுத்தாங்க. நடுவுல 380 வருஷம் ஓடியிருக்கு, நாற்காலியோட மவுசு மட்டும் குறையல.

இந்தியாக்காரன் நமக்கு இளைச்சவனா? 1967 நவம்பர்ல மேற்கு வங்கத்துல ஆளுநர் ஒரு ஆட்சியைக் கலைச்சுட்டு பி.சி. கோஷை முதல்வராக்கினார். 29-ஆம் தேதி சபை கூடுச்சு. சபாநாயகர் பிஜய் பானர்ஜி எழுந்தார், இந்த மந்திரிசபையே செல்லாதுன்னார், தேதி குறிப்பிடாம ஒத்திவைச்சார், போயிட்டார். அடுத்த வருஷம் பஞ்சாப். 1968 மார்ச் 7-ஆம் தேதி சபாநாயகர் ஜோகிந்தர் சிங் மான் சபையை ரெண்டு மாசத்துக்கு ஒத்திவைச்சுட்டார். மார்ச் 31-க்குள்ள பட்ஜெட் நிறைவேறலன்னா கஜானாவுலேருந்து ஒரு காசு எடுக்க முடியாது. ஆளுநர் கூட்டத்தொடரையே முடிச்சு வைச்சு, பணக் காரியம் முடியற வரைக்கும் ஒத்திவைக்கக் கூடாதுன்னு அவசரச் சட்டமும் போட்டு, 18-ஆம் தேதி மறுபடி கூட்டினார். மான் அன்னிக்கும் ஒத்திவைச்சார்! அப்புறம் துணைச் சபாநாயகர் நாற்காலியில ஏறி உட்கார்ந்து பட்ஜெட்டை நிறைவேத்தினார். உச்ச நீதிமன்றம் ஆளுநர் செஞ்சது சரின்னு சொல்லிடுச்சு. பாடம் என்னன்னா, சபாநாயகர் கை பெரிய கைதான்; ஆனா கஜானாச் சாவியை அந்தக் கை ரொம்ப நாள் மூடி வைக்க முடியாது. இன்னொரு பாடமும் இருக்கு: கலவரம் வந்தா துணைச் சபாநாயகர் எங்க நிக்கறார்னு பாரு. ஈப்போவுலயும் சரி, சண்டிகர்லயும் சரி, நாற்காலி கை மாறினது அந்த வழியாத்தான்.

ஒத்திவைப்பால நேரம் கடத்தற வித்தைக்குச் சென்னையும் பெங்களூரும் இருக்கு. 2017 பிப்ரவரி 18, எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை கோரின நாள். ரகசிய வாக்கெடுப்பு வேணும்னு எதிர்க்கட்சி ரகளை. சபாநாயகர் தனபால் ஒரு மணிக்குன்னு ஒத்திவைச்சார், திரும்ப மூணு மணிக்குன்னு ஒத்திவைச்சார். நடுவுல அவர் நாற்காலியிலயே வேற ஆளு உட்கார்ந்து பார்த்தாச்சு. திமுகக்காரங்களைக் காவலர்கள் தூக்கி வெளிய விட்டாங்க, ஸ்டாலின் கிழிஞ்ச சட்டையோட வந்தார், உள்ள 122-க்கு 11-ன்னு ஓட்டு முடிஞ்சுது. 2019 ஜூலையில கர்நாடகாவுல குமாரசாமி நம்பிக்கைத் தீர்மானம் 18-ஆம் தேதி ஆரம்பிச்சுது. மறுநாள் ஒண்ணரை மணிக்குள்ள முடின்னு ஆளுநர் கெடு வைச்சார், அப்புறம் ஆறு மணின்னார். பேச்சு ஓடிக்கிட்டே இருந்துச்சு, சபை நாள் தள்ளிக்கிட்டே போச்சு. 23-ஆம் தேதிதான் ஓட்டு: 99-க்கு 105. அத்தனை நாள் இழுத்தும் தலையெழுத்து மாறல. ஒத்திவைப்பு எண்ணிக்கையை மாத்தாது மாப்ளே. எண்ணிக்கையை மாத்த அவகாசம் மட்டும் கொடுக்கும். ஆள் வாங்கறவனுக்கு அந்த அவகாசம்தான் தங்கம்.

நம்ம சிலாங்கூரைப் பேசாம விட்டா நீ தப்பா நினைச்சுக்குவ. 1969 தேர்தல்ல சிலாங்கூர்ல 28 இடம். ஆளுங்கட்சிக் கூட்டணிக்கு 14, எதிர்த்தரப்புக்கு 14. சரிபாதி. எப்படி ஆட்சி அமைப்பாங்கன்னு ஊரே விரலை மடக்கி எண்ணிக்கிட்டிருந்தப்போ மே 13 கலவரம் வந்துச்சு. அதைப் பத்தி நான் வேடிக்கை பேச மாட்டேன், பார்த்தவங்க யாரும் பேச மாட்டாங்க. அதோட முடங்கின நாடாளுமன்றம் திரும்பக் கூடினது 1971 பிப்ரவரி 20-ஆம் தேதி.

2020 மே 18-ஆம் தேதி நாடாளுமன்றம் ஒரே ஒரு நாள் கூடுச்சு. பேரரசர் உரை முடிஞ்சுது, சபையும் முடிஞ்சுது. பிரதமர் மேல இருந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் விவாதத்துக்கே வரல. மறு வருஷம் ஜனவரி 12-லேருந்து ஆகஸ்டு 1 வரைக்கும் அவசரகாலம். நாடாளுமன்றமும் இல்ல, சட்டமன்றமும் இல்ல. கொரோனாக் கிருமி பரவும்னு சொன்னாங்க. அதே மாசங்கள்ல காப்பார் பசார் திறந்துதான் இருந்துச்சு, மேருப் பக்கம் ஃபேக்டரியில ஷிப்ட் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. உழைக்கறவனைக் கிருமி ஒண்ணும் பண்ணாதுன்னும், கேள்வி கேட்கறவனைத்தான் தேடிப் பிடிக்கும்னும் அப்போ தெரிஞ்சுக்கிட்டேன். ஜூலை 26-ஆம் தேதி சபையைத் திறந்தாங்க. ஆகஸ்டு 2-ஆம் தேதி உட்கார வேண்டிய கூட்டத்தை மறுபடி தள்ளி வைச்சாங்க. அன்னிக்கு எதிர்க்கட்சி எம்பிக்கள் மெர்டேக்கா சதுக்கத்துலேருந்து நடந்தே கிளம்பினாங்க, போலீஸ் மறிச்சுது. அவங்களுக்குத் தூங்குமூஞ்சி மரமும் கிடைக்கல.

இப்போ உனக்கு உபயோகமான சில்லறை வித்தைகளைச் சொல்றேன், காதைக் கொடு. கோரம்னு ஒண்ணு இருக்கு. நாடாளுமன்றத்துல 222 பேர். நடத்தறவரைத் தவிர்த்து 26 பேர் இருந்தா போதும். அது கூட இல்லன்னு ஒருத்தன் எழுந்து சொன்னா மணி அடிப்பாங்க. மணிச் சத்தத்துக்கும் ஆள் சேரலன்னா சபையை ஒத்திவைக்கணும். ஓட்டு வாங்கறப்போ நம்ம வீட்டு வாசலுக்கு நாலு தடவை வந்தவங்களை, சபைக்குள்ள கொண்டுவர மணி அடிக்க வேண்டியிருக்கு பாரு. நீ அந்த 26-க்குள்ள உட்கார்ந்திருக்கறவனா இரு. இல்ல, மணி கேட்டு ஓடி வர்றவன்தான் நீன்னா, வேட்டி கட்டாதே.

அடுத்தது அவசரத் தீர்மானம். அவசரமா ஒரு விஷயம் பேசணும்னா, ‘இன்னிக்கு வேலையை ஒத்திவைச்சுட்டு இதைப் பேசுங்க’ன்னு கேட்கணும். சென்னையில அதுக்குப் பேரே ஒத்திவைப்புத் தீர்மானம். இங்க நாடாளுமன்ற நிலையாணை 18-ல மூணு வடிகட்டி வைச்சிருக்காங்க: விஷயம் குறிப்பானதா, பொதுமக்கள் சம்பந்தப்பட்டதா, உடனே பேசியாக வேண்டியதா. மூணையும் சலிக்கிறவர் சபாநாயகர். குறிப்பானதுதான், மக்கள் விஷயம்தான், ஆனா அவசரம் இல்லன்னு பெரும்பாலும் மூணாவதுல மாட்டும். கழுத்து வரைக்கும் வெள்ளத்துல நிக்கறவனுக்குத்தான் அவசரம். மேல உட்கார்ந்து பார்க்கறவருக்குத் தண்ணி எப்படியும் வடிஞ்சுடும்.

இதெல்லாம் கேட்டுட்டு ஒத்திவைப்பே அயோக்கியத்தனம்னு முடிவு கட்டிடாதே. கை கலக்கற நேரத்துல பத்து நிமிஷம் சபையை நிறுத்தத் தெரியாத சபாநாயகர் ஆபத்தான ஆளு. மனுஷன் மூச்சு வாங்கணும். நான் சொன்ன அத்தனை கதையையும் திருப்பி ஒரு தடவை ஓட்டிப் பாரு. எங்க வில்லங்கம் வந்துச்சு? பெரும்பாலும் தேதி இல்லாத இடத்துல, இல்ல தேதியைச் சொல்லிட்டு மாத்தின இடத்துல. இன்ன நாள், இன்ன மணி, இன்ன காரியத்துலேருந்து திரும்ப ஆரம்பிப்போம்னு சொல்லிட்டு எழுந்தா அது ஓய்வு. சொல்லாம எழுந்தா அது ஓட்டம். 2020 டிசம்பர் 4-ஆம் தேதி, அதே பேராக் சபையில மந்திரி பெசார் அகமட் பைசல் மேல நம்பிக்கை இருக்கான்னு ஓட்டுக்கு விட்டாங்க. 48 பேர் இல்லன்னாங்க, 10 பேர் இருக்குன்னாங்க, மந்திரி பெசார் மாறினார். மரமும் வேண்டியதில்ல, நாற்காலியை இழுக்கவும் வேண்டியதில்ல. எண்ண விட்டாங்க, எண்ணிக்கை தெரிஞ்சுது, அவ்வளவுதான்.

அதனால நீ சபைக்குப் போற முதல் நாளே நிலையாணைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கு. கட்சித் தலைவர் படத்தை மாட்டறதுக்கு முன்னால அதைப் படி. சபாநாயகர் ‘ஒத்திவைக்கிறேன்’னு வாயைத் திறக்கறப்போ, மத்தவங்க பையை எடுக்கட்டும், நீ மட்டும் எழுந்து நின்னு, ‘எந்தத் தேதிக்கு, தலைவரே?’ன்னு கேளு. ஆளுங்கட்சியில இருந்தாலும் கேளு. அதுக்காக உன்னைக் கட்சியில எவனும் மந்திரியாக்க மாட்டான். ஆனா ஹன்சார்டுல அந்தக் கேள்வி அச்சாகும். தேதி சொல்லாதவர் பேரும் அது பக்கத்துலயே அச்சாகும்.

இன்னொண்ணு. சபை கலையற நேரத்தைக் குறைச்சு எடை போடாதே. லண்டன்ல தினமும் கடைசி அரை மணி நேரம் ஒரே ஒரு உறுப்பினருக்கு. தன் தொகுதிக் கதையைச் சொல்வார், மந்திரி ஒருத்தர் இருந்து பதில் சொல்லியாகணும். நம்ம நாடாளுமன்றத்துலயும் ஒத்திவைப்பு உரைன்னு கடைசியில வைச்சிருக்காங்க. பெரிய தலைங்க எல்லாம் காருக்குப் போயிருப்பாங்க, பத்திரிகைக்காரனும் போயிருப்பான். பரவால்ல, பதில் சொல்ல வேண்டியவர் போக முடியாதே. ஷா ஆலம்ல அப்படி ஒரு நேரம் கிடைச்சா, இமயமலை, இஸ்ரேல்னு போகாதே. காப்பார் ரோட்டுல ராத்திரி பகலா லாரி ஓடி விழுந்த குழியைப் பேசு. மழை பேஞ்சா ரோடு எது, வாய்க்கால் எதுன்னு தெரியாம பள்ளிக்கூடப் பிள்ளைங்க நிக்கறதைப் பேசு. ‘கவனத்தில் கொள்ளப்படும்’னு பதில் வரும். உடனே உட்காராதே. எப்போன்னு கேளு.

என்ன, வாட்சைப் பார்க்கற? கிளம்பணுமா? கிளம்பு. எங்க லோரோங்குல தெரு விளக்கு எரியல, மாநகர் மன்றத்துல ஒரு வார்த்தை சொல்லுடான்னு கேட்டதுக்கு, ‘பார்க்கலாம் மாமா, தேர்தல் முடியட்டும்’னு சொல்லிட்டுப் போனியே. இன்னும் வேட்புமனு கூடப் போடல, அதுக்குள்ள தேதி குறிப்பிடாம ஒத்திவைக்கற வித்தை வந்துடுச்சு. கெட்டிக்காரன்டா நீ. ஆனா நான் கோரத்தோட உட்கார்ந்திருக்கேன், உங்க மாமியும் பக்கத்துலதான் நிக்கறா. எந்தத் தேதி? சொல்லிட்டு எழுந்திரு.